ரோட்டரி இன்ஜினில் தண்ணீர் குறைகிறதா? அறிகுறியிலிருந்து ஓட்டையைத் தேடிப் போவது எப்படி

ரோட்டரி கார், அதாவது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜின் உள்ள கார், வைத்திருப்பவரிடம் போய் “கூலன்ட் கொஞ்சம் குறையுதே” என்று சொல்லிப் பாருங்கள், முகம் வெளிறிவிடும். மற்ற இன்ஜின்களில் இது பெரும்பாலும் ஒரு ஹோஸ், ஒரு கிளாம்ப், அரை நாள் வேலை. ரோட்டரியில் அதே பேச்சுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: இன்ஜினை இறக்கு, அடுக்கடுக்காகப் பிரி, எல்லா சீலையும் மாற்று. இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று தெரியும்வரை இன்ஜினில் ஸ்பேனர் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு நான் ஒரு முறை நல்ல விலை கொடுத்திருக்கிறேன்.

இங்கே பேசப்போவது மாஸ்டாவின் 13பி இன்ஜின் குடும்பம். எஃப்சி, எஃப்டி என்பவை ஆர்எக்ஸ்-7 காரின் தலைமுறைக் குறிப்பெயர்கள். 1985-இல் வந்த எஃப்சி ஆர்எக்ஸ்-7, 1991 முதல் 2002 வரை தயாரான எஃப்டி ஆர்எக்ஸ்-7, 2003-இல் விற்பனைக்கு வந்த ஆர்எக்ஸ்-8. மூன்றிலும் இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சிசி.

முதலில் அடுக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

டிபன் கேரியரைப் படுக்க வைத்ததுபோல் கற்பனை செய்யுங்கள். முன்னால் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு, பிறகு அலுமினிய ரோட்டர் ஹவுசிங், நடுவில் இன்னொரு இரும்புத் தட்டு, மறுபடி ஓர் அலுமினிய ஹவுசிங், கடைசியில் பின் தட்டு. இந்த ஐந்து அடுக்கையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் நீளமான டென்ஷன் போல்ட்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. சிலிண்டர் ஹெட் கிடையாது, ஹெட் கேஸ்கெட்டும் கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு ரப்பர் வளையங்கள். உள் வளையம் எரியறைக்கும் தண்ணீருக்கும் நடுவே காவல். வெளி வளையம் தண்ணீருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே காவல்.

உள் வளையம் ஏன் சாகிறது? பிஸ்டன் இன்ஜினில் உறிஞ்சுவதும் எரிவதும் ஒரே சிலிண்டரில் மாறி மாறி நடக்கும், அதனால் சூடு ஓரளவு சமனாகும். ரோட்டரியில் ஒவ்வொரு வேலைக்கும் நிரந்தர இடம். ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கம் எப்போதும் நெருப்பு, இன்டேக் பக்கம் எப்போதும் குளிர்ச்சி. போதாததற்கு, சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை வண்டி சூடாகி ஆறும்போதும் அந்த ரப்பர் வளையம் இரண்டு உலோகங்களுக்கு நடுவே அரைபடுகிறது. சாதாரண வெப்பத்தில் அது பல வருடம் தாங்கும். ஒரே ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் கொதித்துவிட்டால் பிளக் பக்கத்தில் ரப்பர் கருகி, கண்ணாடிபோல் இறுகிவிடும்.

ஆகவே பெரும்பாலான உள்கசிவுகளின் முன்கதையில் கவனிக்காமல் விட்ட ஒரு வெளிக்கசிவு இருக்கும். வெறும் ஹோஸ் போனதுதான், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டியவர்தான் அடுத்த மாதம் இன்ஜினை இறக்குகிறார்.

தேடத் தொடங்கும் முன்

வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்தி காலையில் பார்ப்பது உத்தமம். சூடான மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கூலன்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சில பழைய மெக்கானிக்குகளிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது எத்திலீன் கிளைக்கால், விஷம். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கிக் குடிக்கும், செத்தும் போகும். சிந்தியதைக் கழுவிவிடுங்கள்.

ஒரு கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்டர் கட்டாயம் வேண்டும். மூடி இருக்கும் இடத்தில் பொருத்திக் கையால் பம்ப் அடிக்கும் கருவி அது. டார்ச், நீளக் கம்பியில் கட்டிய சிறிய கண்ணாடி, பிளக் கழற்றும் சாவி, வண்டிக்கு அடியில் போட ஒரு பெரிய அட்டை. எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் நீலத் திரவக் கிட் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது.

அறிகுறி: தரையில் சொட்டு தெரிகிறது

சந்தோஷப்படுங்கள். கண்ணுக்குத் தெரியும் கசிவு என்பது மலிவான கசிவு.

ஆறிய இன்ஜினில் டெஸ்டரை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம்வரை மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் அடித்தால் நல்ல ரேடியேட்டரும் வாயைப் பிளக்கும். பத்து நிமிடம் காத்திருங்கள். முள் இறங்கினால் எங்கோ போகிறது. அடியில் விரித்த அட்டையில் எந்த இடம் நனைகிறதோ அதற்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறுக்குச் சட்டத்தில் ஓடி ஓர் அடி தள்ளிச் சொட்டும். மேலிருந்து கீழே, ஈரத்தின் உச்சியைத் தேடுங்கள்.

எஃப்டி என்றால் முதலில் ஏஎஸ்டி என்று எல்லோரும் சொல்லும் காற்றுப் பிரிப்புத் தொட்டியைப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் இன்டர்கூலரை ஒட்டி நிற்கும் சிறிய டப்பா. இரண்டு பாதியாகச் செய்து ஒட்டியது. வயதானால் அந்த ஒட்டு பிளக்கும். பிளந்தால் சொட்டுச் சொட்டாகப் போகாது, ஒரே மூச்சில் பீய்ச்சியடிக்கும். எஃப்டி உரிமையாளர்கள் உலகம் முழுக்க இதை வயிற்றெரிச்சலோடு பேசுவதற்குக் காரணம் உண்டு: மலிவான ஒரு பிளாஸ்டிக் டப்பா லட்சக்கணக்கில் போகும் இன்ஜினைச் சாகடித்திருக்கிறது. ஓரத்தில் வெள்ளைக் கோடோ உப்புப் படிவோ தெரிந்தால் ஓட்டாதீர்கள். அலுமினியத்தில் செய்தது கிடைக்கிறது. ஒரு மாலை வேலை. கசியவில்லை என்றாலும் ஒரிஜினல் பிளாஸ்டிக் இன்னும் இருந்தால் மாற்றிவிடச் சொல்வேன்.

அடுத்தது ரேடியேட்டர். நடுவில் அலுமினியம், இரு முனையிலும் பிளாஸ்டிக் தொட்டி என்றால், இரண்டும் சேரும் மடிப்பில் விரலால் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பு நிறமாகி நகத்தால் கீறினால் பொடிகிறதா? அதன் காலம் முடிந்துவிட்டது.

பிறகு வாட்டர் பம்ப். பம்பின் உடலில் கீழ்நோக்கி ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து சொட்டினால் உள்ளே உள்ள சீல் தேய்ந்துவிட்டது, பம்பை மாற்ற வேண்டும். துளை காய்ந்திருந்து பம்ப் உட்காரும் இணைப்பு நனைந்திருந்தால் கேஸ்கெட் மட்டும் போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல பம்பைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணில் படுபவை. தொல்லை கொடுப்பவை சின்னவை. டர்போ வண்டிகளில் டர்போவுக்கு (எக்ஸ்சாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) தண்ணீர் கொண்டுபோகும் குட்டை ஹோஸ்கள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த ரப்பர் மாதிரி வெந்து கட்டையாகி இருக்கும். எஃப்டியில் அவற்றுக்குக் கை போகாது, டர்போவை அசைத்தால்தான் போகும். அதனால்தான் எல்லோரும் அவற்றை விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் அவை வெடிக்கின்றன. த்ராட்டில் பாடிக்கு ஓடும் பென்சில் தடிமன் ஹோஸ்களும் அப்படியே. இன்டேக் மேனிஃபோல்டின் நிழலில் ஒளிந்திருக்கும். எந்தக் காரணத்துக்காகவாவது டர்போவோ மேல் மேனிஃபோல்டோ கழற்றப்பட்டால் அந்தச் சமயத்தில் அங்குள்ள எல்லா ஹோஸையும் மாற்றிவிடுங்கள். ஹோஸ் விலை கொஞ்சம்தான், அங்கே போய்ச் சேரும் கூலிதான் அதிகம்.

இவை எதுவும் இல்லை, ஆனால் இன்ஜின் அடுக்குகளின் இணைப்புக் கோட்டிலேயே ஈரமோ காய்ந்த கூலன்ட் கறையோ இருக்கிறது என்றால் வெளி வளையம் தளர்ந்திருக்கிறது. டென்ஷன் போல்ட் தலையில் கசிந்தால் அதன் அடியில் உள்ள சீல் வாஷர். வெளி வளையக் கசிவோடு தண்ணீர் மட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பல மாதம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். இணைப்பில் வருவது பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருந்தால் அது தண்ணீரே இல்லை, ஆயில். அடுக்குகளை நேராக உட்கார வைக்கும் டவல் பின்னைச் சுற்றியுள்ள ஓ-ரிங். அது வேறு கதை.

அறிகுறி: தரை காய்ந்திருக்கிறது, ஆனாலும் மட்டம் இறங்குகிறது

உடனே உள் வளையம் என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள். ரேடியேட்டர் மூடி என்பது ஸ்பிரிங் வைத்த வால்வு. அதன் ரப்பர் விளிம்பு வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, சூட்டில் தண்ணீர் ரிசர்வ் பாட்டிலுக்குப் போகும், ஆறும்போது திரும்பி வராது. புது மூடி போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது.

சூடான டர்போ மேல் சிந்தும் சிறு கசிவு தரைக்கு வராது, நடுவழியிலேயே ஆவியாகிவிடும். வண்டியை நிறுத்தியதும் பானட்டைத் திறந்து முகர்ந்தால் வெல்லப்பாகு அடிப்பிடித்த மாதிரி ஒரு வாசனை வரும். ஒரு முறை பிடிபட்டால் பிறகு மறக்காத வாசனை. அதே வாசனை வண்டிக்குள் வந்து, முன்கண்ணாடி உள்பக்கம் எண்ணெய்ப் படலம்போல் மங்கினால் ஹீட்டர் கோர், அதாவது வண்டிக்குள் வெப்பக் காற்று தரும் குட்டி ரேடியேட்டர். முன் சீட்டுக் காலடியில் கார்ப்பெட்டுக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து, டெஸ்டர் முள் மட்டும் மெல்ல இறங்கினால், இப்போது உள்ளே பார்க்கலாம்.

அறிகுறி: காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறல், பிறகு வெள்ளைப் புகை

ரோட்டரிக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

குளிர்ந்த காலையில் சைலன்சரிலிருந்து வரும் ஆவி எல்லாம் கசிவு அல்ல. இட்லிப் பானை மூடியைத் திறந்ததுபோல் மெல்லியதாக வந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் மறைந்தால் குழாயில் தங்கிய ஈரம். கனமாக, இனிப்பு வாசனையோடு, தெருவையே மறைக்கும் அளவு வந்தால் கூலன்ட். கண்ணெரியும் பெட்ரோல் வாசனையோடு வந்தால் வண்டி ஃபிளட் ஆகியிருக்கிறது, அதாவது அறைக்குள் எரியாத பெட்ரோல் மிதமிஞ்சிச் சேர்ந்திருக்கிறது. ரோட்டரிக்கு அது பழைய வியாதி. சூடாகாமலே இன்ஜினை அணைத்தால் வரும். ஆர்எக்ஸ்-8 என்றால் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் இன்ஜெக்டர் நிற்கும், மிச்சப் பெட்ரோல் வெளியேறும். நீலப் புகை என்றால் ஆயில்.

கூலன்ட்தான் என்று தோன்றினால் சோதனை இப்படி. மாலையில் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். ஆறிய பின் டெஸ்டரை மாட்டி மூடியின் அழுத்தத்துக்கு ஏற்றி, அப்படியே இரவு விட்டுவிடுங்கள். காலையில் இன்ஜெக்டர் ஃபியூஸைப் பிடுங்கி, இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு ஹவுசிங்கிலும் கீழே இருக்கும் லீடிங் பிளக்கைக் கழற்றுங்கள். மேலே இருப்பது டிரெய்லிங். கீழே இருப்பதுதான் தண்ணீர் தேங்கும் பக்கம். துளைக்கு எதிரே ஒரு வெள்ளைத் துணியைப் பிடிக்கச் சொல்லி ஸ்டார்ட்டரைச் சில வினாடி சுற்றுங்கள். துணியில் பச்சையோ சிவப்போ, உங்கள் கூலன்ட் நிறத்தில் தெறித்தால் பேச்சுக்கே இடமில்லை. எந்த ஹவுசிங் என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

பிளக்கும் ஒரு சாட்சிதான். மற்ற பிளக் எல்லாம் கரி படிந்து பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தால், அந்த அறையில் நீராவி வேலை செய்திருக்கிறது.

இங்கேதான் என் கதை. டர்போ எஃப்சி ஒன்று, காலையில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை, தண்ணீரும் வாரத்துக்கு ஒரு லிட்டர் குறைகிறது. நான் பார்த்தேன், உள் வளையம் என்றேன், இன்ஜினை இறக்கினேன். பிரித்துப் பார்த்தால் நான்கு இணைப்பிலும் ரப்பர் பதமாக இருக்கிறது, அறைகள் காய்ந்து கிடக்கின்றன. குற்றவாளி டர்போ. அதன் நடு உடலில் ஆயிலோடு தண்ணீரும் ஓடுகிறது. அதில் மயிரிழை விரிசல், தண்ணீர் நேராக எக்ஸ்சாஸ்டில் விழுந்திருக்கிறது. பிளக்கை முதலில் கழற்றியிருந்தால் இரண்டு ஹவுசிங்கும் காய்ந்திருப்பதைப் பார்த்திருப்பேன், பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். புகை இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது என்றால் டர்போவைப் பாருங்கள்.

அறைக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று அளக்கும் கம்பிரஷன் டெஸ்ட் எடுத்தால் தெரியாதா என்று கேட்பார்கள். உள் வளையம் போயும் கம்பிரஷன் நன்றாக இருக்கலாம். மாஸ்டா ஆர்எக்ஸ்-8-க்குச் சொல்லும் குறைந்தபட்சம் நிமிடத்துக்கு 250 சுற்றில் சதுர சென்டிமீட்டருக்கு 6.9 கிலோ. இதை எடுக்க ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகத்தையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். பிஸ்டன் இன்ஜினுக்கான கேஜ் மூன்றில் பெரியதை மட்டும் காட்டிவிட்டுப் போகும். கம்பிரஷன் சொல்வது ரோட்டரின் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீலைப் பற்றியும் பக்கவாட்டில் இருக்கும் சைடு சீலைப் பற்றியும். கூலன்ட் வளையம் அந்தப் பேச்சில் பெரும்பாலும் வராது. ஆனாலும் எடுத்து வையுங்கள்: இன்ஜினைப் பிரிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது உதவும்.

அறிகுறி: ரிசர்வ் பாட்டில் நிரம்பி வழிகிறது, உள்ளே குமிழி

ஓட்டை இரு வழிப் பாதை. இன்ஜின் நிற்கும்போது தண்ணீர் அறைக்குள் போகிறது; ஓடும்போது எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. பின்னது தொடங்கிய புதிதில் வெள்ளைப் புகையே இராது. மலையேறினாலோ வேகமாக ஓட்டினாலோ பாட்டில் நிரம்பும், ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் ஒன்றும் நடக்காது.

ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீர் மாற்றிய புதிதில் குமிழி வருவது சகஜம், காற்று வெளியேறுகிறது, சிறிது நேரத்தில் நின்றுவிடும். நிற்காமல் சோடா பாட்டில் திறந்ததுபோல் சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருந்தால், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கூடினால், அது எரிந்த வாயு. நீலத் திரவக் கிட் இங்கே உறுதி சொல்லும்: மூடி இடத்து ஆவியை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். முதலில் தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். கிட்டுக்குள் கூலன்ட் ஏறினால் சோதனை கெட்டது. வெறும் ஐடிலில் நீலமாகவே இருந்தால் விட்டுவிடாதீர்கள், வண்டியை நன்றாக ஓட்டி வந்து மறுபடி பாருங்கள்.

கருவியே இல்லாத சோதனை ஒன்றும் உண்டு. இரவு முழுக்க ஆறிய வண்டியின் மேல் ரேடியேட்டர் ஹோஸை காலையில் கையால் அமுக்குங்கள். ஆறிய இன்ஜினில் அது தளர்ந்திருக்க வேண்டும். கல்மாதிரி இருந்து, மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று வந்தால், அந்த அழுத்தம் வெப்பத்தால் வந்ததல்ல.

அறிகுறி: பஸ்ஸர் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் தண்ணீர் முழுசாக இருக்கிறது

ஆர்எக்ஸ்-8 என்றால் பெரும்பாலும் பொய். கூலன்ட் தொட்டிக்குள் இருக்கும் மிதவை வயதானால் தண்ணீரைக் குடித்து மூழ்கிவிடும், மட்டம் சரியாக இருந்தாலும் விளக்கு எரியும். ஆனால் பொய்தான் என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் அலட்சியப்படுத்தலாம்.

எஃப்டியில் அப்படிச் சொல்ல மாட்டேன். அதன் சென்சார் நீர் ஊற்றும் கழுத்துக்கு அருகில், சிஸ்டத்தின் உயரமான பகுதியில் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பஸ்ஸர் அடித்து, கொஞ்ச நேரத்தில் தானே நின்றால், இரவில் அங்கே வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உள் வளையம் விடும் முதல் எச்சரிக்கை பல வண்டிகளில் இதுதான்.

அறிகுறி: ஆயில் மூடியில் மோர் மாதிரி வெள்ளை

ஆர்எக்ஸ்-8-இல் ஆயில் ஊற்றும் குழாய் நீளமானது, குளிர்ந்தது. குறுகிய தூரம் ஓட்டும் வண்டியில் காற்றின் ஈரம் அங்கே படிந்து ஆயிலோடு கலந்து நுரைக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால் துடைத்துவிட்டு, வாரம் ஒரு நாள் நீள ஓட்டம் ஓட்டுங்கள், போதும். ஹெட் கேஸ்கெட் இல்லாத இன்ஜினில் இந்த நுரையைப் பார்த்து “கேஸ்கெட் போச்சு” என்று சொல்லும் மெக்கானிக்கிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பாலாகி, மட்டமும் ஏறியிருந்தால் மட்டும் ஓட்டாமல் நிறுத்தவும்.

மீட்டர் முள்ளை நம்பாதீர்கள்

கம்பெனி கொடுத்த வெப்ப மீட்டர் ஆர்எக்ஸ்-8-இலும் எஃப்டியிலும் உண்மையைச் சொல்வதில்லை. பல டிகிரி ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அது அசையும்போது காரியம் கெட்டிருக்கும். எஃப்டியின் விசிறியே 105 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில்தான் ஓடத் தொடங்கும். எண் காட்டும் தனி மீட்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அது 110-ஐத் தாண்டினால் நான் ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிட்டு ஓரங்கட்டுவேன், வீடு இரண்டு கிலோமீட்டரில் இருந்தாலும்.

உள் வளையம்தான் என்று உறுதியான பிறகு

கசிவை அடைக்கும் திரவங்களைப் பற்றிக் கேட்பீர்கள். சிலருக்குச் சில மாதம் பிடித்திருக்கிறது. ஆனால் அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது. ஹீட்டர் கோர், டர்போவின் மெல்லிய வழி, ரேடியேட்டர் குழாய் என்று எல்லா இடத்திலும் படியும். விற்கப்போகிற வண்டிக்கு ஊற்றுவது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம், வைத்துக்கொள்ளப்போகிற வண்டிக்கு ஊற்றுவது தனக்கே செய்துகொள்வது.

இன்ஜின் இறங்கியதும் முதல் சண்டை ஃபிளைவீல் நட்டோடு. 54 மி.மீ. அளவு, 390 முதல் 490 நியூட்டன் மீட்டர்வரை இறுகியிருக்கும். நீளக் குழாயும் நல்ல நண்பரும் தேவை. பிரிக்கும்போது ஒவ்வொரு ரோட்டரின் சீல்களையும் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்துக்கு எண் போட்டு வையுங்கள்.

இரும்புத் தட்டுகளைக் கழுவிப் பாருங்கள். எஃப்சி, எஃப்டி இரண்டிலும் வளையம் உட்காரும் பள்ளம் இந்தத் தட்டில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தின் ஓரச் சுவர் மெலிசு. பழைய கூலன்டை மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டிய வண்டியிலும், வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றிய வண்டியிலும் அது துருப்பிடித்துப் பொடிந்திருக்கும். ஊசிமுனையால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். உடைந்த சுவரில் எவ்வளவு நல்ல வளையம் வைத்தாலும் நிற்காது. வேறு தட்டு தேட வேண்டியதுதான். தட்டின் சமதளத்தை நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து அளக்கவும், 0.04 மி.மீ.-க்கு மேல் வளைந்திருந்தால் பயன்படுத்தக் கூடாது. ஹவுசிங்கின் அகலத்தைப் பிளக் பக்கத்திலும் மற்ற இடங்களிலும் மைக்ரோமீட்டரால் அளந்து, பெரியதுக்கும் சிறியதுக்கும் வித்தியாசம் 0.06 மி.மீ.-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கொதித்த இன்ஜினில் இது பெரும்பாலும் தோற்கும்.

பள்ளத்தில் பழைய ரப்பர் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. மரக்குச்சியால் சுரண்டுங்கள், ஸ்குரூடிரைவர் வேண்டாம். புது வளையத்தை முறுக்காமல் உட்கார வைத்து, நழுவாமலிருக்க மெல்லிதாக வாசலின் தடவினால் போதும். தட்டை இறக்கும்போது வளையம் ஓரிடத்தில் எழும்பி நசுங்கினால் மொத்த வேலையும் வீண். அதனால் இரண்டு பேர் பிடித்து, ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இறக்குவது நல்லது. டென்ஷன் போல்டுக்குப் புது சீல் வாஷர். மரையில் ஆயில் தடவி, மேனுவலில் போட்டிருக்கும் வரிசைப்படி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்கவும். கடைசி அளவு 32 முதல் 39 நியூட்டன் மீட்டர்தான். ஃபிளைவீலோடு ஒப்பிட்டால் இது தடவிக்கொடுப்பது மாதிரி. பயந்துபோய்க் கூடுதலாக இறுக்குகிறவர்கள் ஹவுசிங்கைக் கோணலாக்குகிறார்கள்.

இன்ஜினை வண்டிக்குள் ஏற்றும் முன்பு, ஸ்டாண்டில் இருக்கும்போதே தண்ணீர்ப் பாதையின் வாய்களை அடைத்துவிட்டு டெஸ்டரால் அழுத்தம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் முள் அதே இடத்தில் இருந்தால் ஏற்றலாம். இறங்கியிருந்தால் இப்போது பிரிப்பது ஒரு மணி நேர வேலை, ஏற்றிய பிறகு பிரிப்பது ஒரு வார வேலை.

தண்ணீர் நிரப்புவது

இதில் அவசரப்பட்டால் அத்தனை உழைப்பும் போகும். காய்ச்சி வடித்த நீரும் எத்திலீன் கிளைக்கால் கூலன்டும் பாதிக்குப் பாதி. வெப்ப நாட்டில் தண்ணீர் உறையாதே, பச்சைத் தண்ணீரே போதாதா என்பவர்களுக்கு: இங்கே கூலன்ட் துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும்தான், மேலே சொன்ன பள்ளச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டில் ஆடும் சிறு முள் மேல்நோக்கி இருக்க வேண்டும், காற்று அந்த வழியாகத்தான் தப்பும். வண்டியின் மூக்கைச் சரிவில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்துவைத்து, மூடியில்லாமல் ஓடவிட்டு, ஹோஸ்களை அமுக்கி அமுக்கி ஊற்றுங்கள். ஹீட்டரில் வெப்பக் காற்று சீராக வந்து, கழுத்தில் குமிழி நின்ற பிறகுதான் மூடி.

அன்று மாலை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, மறுநாள் காலையில் ஆறிய பிறகு மட்டத்தைப் பாருங்கள். முதல் நாள் அரை லிட்டர்வரை குறைவது மிச்சக் காற்று, ஊற்றி நிரப்புங்கள். மூன்றாம் நாளும் குறைந்தால் அட்டையை மறுபடி வண்டிக்கு அடியில் விரியுங்கள்.